மைனர் திரும்பவும் குலை ஏத்துது

இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு பின்னேரம், படலையடியில ஒரு புது வான் வந்து நிண்டுது. இறங்கினவர் கடற்கரைப் பக்கம் ஹொட்டேல் கட்டுறவராம். பெரியப்பான்ர பிக்கப் மாட்டுக்கொட்டிலுக்க கிடக்கிறதை ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கினம்.

"தம்பி, எஞ்சின் எனக்குத் தேவையில்லை. அதைக் கழட்டி நீங்களே வைச்சிருங்கோ. பின்பெட்டிக்க மண் நிரப்பி, போகன்விலா நட்டு, வாசல்ல விடப்போறன். வாற ஆக்கள் நிண்டு படம் எடுப்பினம்" எண்டார்.

பூச்சாடி!

நீர்வேலியில இருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு முப்பது வருசத்துக்கு மேல வாழைக்குலை ஏத்தின வாகனம் அது. அதுக்குள்ள போகன்விலா.

நல்ல காசுதான் சொன்னார். பெரியம்மா தேத்தண்ணி குடுத்து, "பிள்ளைகளிட்டக் கேட்டுச் சொல்லுறம்" எண்டு மரியாதையா அனுப்பிவிட்டா. எனக்கு எண்டால் அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்லை. எழும்பி ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனன்.

நாலு ரயரும் காத்துப் போய் மண்ணோட ஒட்டிக் கிடக்கு. சீற்றுக்குள்ள எலிக்கூடு. வயரை எல்லாம் அணில் அரிச்சுப்போட்டுது. பின்பெட்டிக்க என்னண்டு பாத்தா, பெரியம்மான்ர சிவப்புக் கோழி அடை கிடக்குது! வெளிச்சம் பட்டதும் என்னை ஒரு முறை முறைச்சுது பாருங்கோ.

அண்டைக்கே முடிவெடுத்திட்டன். இதை ஓடப்பண்ணுறது எண்டு.

(மொறிஸ் மைனர் பிக்கப்பைக் காணாத ஆக்களுக்கு: முன்பக்கம் கார் மாதிரி உருண்டை முகம், ரெண்டு பேர் நெருக்கி இருக்கக்கூடிய கபின், பின்னால ஒரு சின்ன இரும்புப் பெட்டி. கார் 1948இல வந்தது. பிக்கப் 1953இல. எல்லாம் 1971ஓட முடிஞ்சுது. எங்கடை 948 சீசீ எஞ்சின். அதின்ர பலம் 37 குதிரைவலு. மொறிஸ்காரர் தொடக்கத்தில கால் தொன் ஏத்தலாம் எண்டுதான் இந்தப் பிக்கப்பை வித்தவை. பெரியப்பா அந்தக் கணக்கை ஒருநாளும் பாத்ததில்லை.)

இன்னொரு கதையும் சொல்லவேணும். அந்தக் காரை வரைஞ்சவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினி காரைச் செய்த அதே மனுசன்தான். மாதிரி வண்டி செய்து முடிஞ்சாப்பிறகு அவருக்கு அது ஒடுக்கமாக் கிடக்கெண்டு பட்டிருக்கு. வண்டியை நீளவாக்கில நடுவால அறுத்து, ரெண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைச்சுப் பாத்து, நாலு அங்குலம் விரிச்சா வடிவு எண்டு முடிவெடுத்தார். அதாலதான் பொனெற்றின்ர நடுவில ஒரு பட்டி மாதிரி ஓடுது. சின்னனில அந்தப் பட்டியில விரலை வைச்சு ஓட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அது ஒரு மனுசன் மனம் மாறின இடம் எண்டு இப்பதான் தெரியும்.

சரி, வேலைக்கு வருவம்.

அடுத்த நாள் கராச் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தன். வயசு எழுபதுக்கு மேல. அந்தக் காலத்தில ஒஸ்ரின், மொறிஸ் எண்டா அவரிட்டத்தான் போவினம். கொட்டில் வாசல்ல நிண்டு வண்டியை நல்லாப் பாத்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, இதை உள்ளுக்கு விடேக்க ஓடிக்கொண்டே வந்தது, தள்ளிக்கொண்டே விட்டனியள்?"

ஓடித்தான் வந்தது. 2003இல பெரியப்பா தன்ர கையாலதான் கொண்டுவந்து விட்டவர்.

"அப்ப பயமில்லை. ஓடிவந்து படுத்தது எழும்பும்."

பிளக் நாலையும் கழட்டினம். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளையும் எஞ்சின் ஒயிலும் டீசலும் கலந்து விட்டம். கான்டிலைப் போட்டுச் சுத்தப்போக, ஐயா என்ர கையைப் பிடிச்சிட்டார். "பலவந்தம் பண்ணினா பிஸ்ரன் றிங் உடையும். ஊறட்டும்."

எவ்வளவு நாளைக்கு?

பதிலைச் சொன்னது பெரியம்மா. "கோழி குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் உந்த வண்டியை ஆட்டக்கூடாது!"

பதினெட்டு நாள். ஒவ்வொரு நாளும் வேலையால வந்து ஓட்டைக்குள்ள கொஞ்சம் ஒயில் விடுவன். கோழி முறைக்கும். வந்திடுவன். பதினொரு முட்டையில ஒன்பது பொரிச்சுது. குஞ்சுகளை இறக்கின அண்டைக்குப் பின்னேரம் கான்டிலைப் போட்டு மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் அசைச்சன். முதல் ஒண்டுமில்லை. பிறகு ஒரு விரற்கடை அளவு போச்சு. பேந்து கால் சுத்து. பிறகு "க்ர்ர்ர்" எண்டு முழுச் சுத்து!

(கான்டில் சுத்துற ஆக்களுக்கு: பெருவிரலைச் சுத்திப் பிடிக்காதேங்கோ. அஞ்சு விரலும் ஒரே பக்கம் இருக்கவேணும். எஞ்சின் திருப்பி அடிச்சால் கை தானா விடுபடும். சுத்திப் பிடிச்சிருந்தால் பெருவிரல் முறியும். எனக்கு இதை எட்டு வயசில பெரியப்பா சொல்லித் தந்தவர்.)

பிளக் ஓட்டையில விரலை வைச்சு அமுக்கம் பாத்தம். மூண்டாவது சிலிண்டரில விரலைத் தள்ளவே இல்லை. வால்வு இருக்கேல்லை எண்டார் ஐயா. அப்ப ஹெட்டைக் கழட்டத்தான் வேணும்.

கழட்டினம்.

உள்ளுக்குப் பாத்த உடன ஐயா கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிஸ்ரன் நாலின்ர தலையிலையும் கரி. சாதாரணக் கரி இல்லை. கருகின ஒடியல் மாதிரித் தடிப்பா, வெடிச்சு வெடிச்சுக் கிடக்கு.

"இது மண்ணெண்ணெய்க் கரி" எண்டார்.

எனக்கு அந்த மணமே திரும்ப வந்திட்டுது.

1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கினாப்பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வாறது நிண்டுபோச்சு. பற்றறியும் தடை. கள்ளமா வாற பெற்றோலைப் போத்தில் கணக்கில விப்பினம். அந்த நேரம் எங்கட சனத்தைச் சுமந்தது இந்தப் பழசுகள்தான். ஒஸ்ரின், மொறிஸ், தட்டிவான். அமுக்கம் குறைஞ்ச எஞ்சின் எண்டபடியால மண்ணெண்ணெயிலையும் ஓடும்.

ஆனா மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில ஆவியாகாது. முதல் பெற்றோல் குடுத்துச் சூடாக்கவேணும். அதுதான் என்ர வேலை! காத்து வடிகட்டியைக் கழட்டி வைச்சிட்டு, காபரேற்றர் வாயுக்குள்ள சூப்பிப் போத்திலால ரெண்டு சொட்டு அமத்துவன். முன்னுக்கு நிண்டு பெரியப்பா கான்டிலைச் சுத்துவார். பற்றறியில இருக்கிற கொஞ்ச உயிரையும் ஸ்ராட்டருக்குக் குடுக்கமாட்டார். அது கொயிலுக்கும் பம்புக்கும் மட்டும். எஞ்சின் பிடிச்ச உடன இன்னும் ரெண்டு சொட்டு, பிறகு ஒண்டு. "போதும்டா, போதும்! சந்தை வரைக்கும் போற பெற்றோலை நீயே முடிச்சிடுவாய்!" எண்டு கத்துவார். மண்ணெண்ணெய் பிடிச்சதும் பின்னால வெள்ளைப் புகை. ஒழுங்கை முழுக்க மணக்கும்.

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால வழிஞ்சு கீழ ஒயிலோட கலக்கும். ஒயில் தண்ணி மாதிரி ஆகிப்போடும். அதால பெரியப்பா காலமையில ஒயில் கம்பியை இழுத்து, அளவு பாக்கிறதுக்கு முதல் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாப்பார். ஒயிலும் கிடைக்காத காலம் அது. இருந்தும் அந்த எஞ்சினை அவர் சாக விடேல்லை.

1995 ஒக்ரோபர் 30. சண்டையால வலிகாமம் முழுக்க ஒரே இரவில இடம்பெயர்ந்து வெளிக்கிட்டுது. எங்கட வீட்டு ஆக்கள், பக்கத்து வீட்டு ஆச்சி, அரிசி மூட்டை, ஒரு தையல் மெசின், எல்லாம் இந்தப் பின்பெட்டிக்க. மழை. செம்மணிப் பக்கத்தில சனமும் சைக்கிளும் நெருக்கி, ஒரு அடி போறதுக்கு எவ்வளவோ நேரம். நிப்பாட்டி நிப்பாட்டிப் போனா எஞ்சின் ஆறிப்போடும், ஆறினா ஒவ்வொரு தரமும் திரும்பப் பெற்றோல் வேணும். எங்களிட்ட இருந்தது அரைப்போத்தில். பெரியப்பா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, "தள்ளுவம்" எண்டார். அந்த அரைப்போத்திலைப் பெரியம்மா மடிக்குள்ள வைச்சிருந்தவ. நாவற்குழிப் பாலம் தாண்டும் வரைக்கும் தள்ளினது எனக்கு நல்ல ஞாபகம்.

அந்தக் கரிதான் இப்ப என்ர முன்னால கிடக்குது.

பிஸ்ரன் அலுமினியம். இரும்பால சுரண்டினால் கீறும். ஐயா பனைமட்டையைச் சீவி, உளி மாதிரித் தட்டையா ஆக்கித் தந்தார். மூண்டு பின்னேரம் இருந்து சுரண்டினன். ஒரு துண்டை மட்டும் நெருப்புப்பெட்டிக்க போட்டு வைச்சிருக்கிறன். கனடாவில இருக்கிற அண்ணா (பெரியப்பான்ர மூத்த மகன்) வந்தாக் காட்டவேணும்.

வால்வுகளை அரைச்சு இருத்தினம். வால்வு இடைவெளி 12 தவ் (ஒரு தவ் எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு), பொயின்ற் இடைவெளி 15 தவ், பிளக் 25 தவ். சுடுற ஒழுங்கு 1-3-4-2. இதை எல்லாம் ஐயா ஒரு புத்தகமும் பாக்காமல் சொன்னார்.

அடுத்தது பெற்றோல் ராங்க். இதில நான் பட்ட பாடு!

மூடியைத் திறந்தா பழைய வார்னிஷ் மணம். முதல் சின்னச் சல்லிக்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, ராங்கைக் கழட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குலுக்கினன். குழம்பு மாதிரிக் கறள் வந்துது. திரும்பக் குலுக்கினன். திரும்பவும் குழம்பு. தோள் மூட்டு விட்டுப்போச்சு.

பிறகுதான் பெரியம்மான்ர அடுப்படியில நிண்ட வினாகிரிப் போத்தில் கண்ணில பட்டுது. பனங்கள்ளு வினாகிரி. ஊருக்குள்ள செய்யிற ஆக்களிட்டச் சொல்லி ஒரு கான் நிறைய எடுத்தன். ராங்குக்குள்ள ஊத்தி, ஒவ்வொரு நாளும் ஒரு பக்கமாப் புரட்டி வைச்சன். ஆறாம் நாள் ஊத்திப் பாத்தா, உள்ளுக்கு இரும்பு சாம்பல் நிறத்தில மினுங்குது! புளி அப்பிடியே நிண்டால் திரும்பக் கறள் பிடிக்கும் எண்டு அப்பச்சோடாக் கரைசலால அலம்பி, வெய்யில்ல காய விட்டன்.

துள்ளிக் குதிச்சன். ஒரு மணித்தியாலம்தான் அந்தச் சந்தோசம். தண்ணி விட்டுப் பாத்தா, அடிப்பக்கம் ஏழு இடத்தில ஒழுகுது. இவ்வளவு நாளும் ஓட்டையை அடைச்சு வைச்சிருந்ததே அந்தக் கறள்தான்!

ஈயம் வைச்சு அடைக்கலாம். ஆனா ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. பெற்றோல் ராங்கை வெறுமையா வைச்சுக்கொண்டு நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் உள்ளுக்கு ஆவி நிக்கும், வெடிக்கும். கழுத்து மட்டும் தண்ணி நிரப்பி, ஒட்டுற இடம் மட்டும் மேல வாற மாதிரிச் சரிச்சு வைச்சுத்தான் ஐயா ஒட்டினவர். அவர் ஒட்டி முடிக்கும் வரைக்கும் எங்களை எல்லாம் கிணத்தடிக்கு அங்கால போகச் சொல்லிப்போட்டார்.

வயர் புதுசா இழுத்தம். அதில பெரிய கதை இல்லை. பற்றறியிலதான் கதை.

புதுப் பற்றறி வாங்கின கடையில இருந்து ஒரு பெடியன் வந்து பூட்டித் தந்தான். எல்லா வாகனத்துக்கும் பூட்டுற மாதிரி நெகற்றிவை உடம்போட பூட்டிப்போட்டான். நானும் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டன். அந்தக் காலத்து மைனருக்கு மற்றப் பக்கம்! பொசிற்றிவ்தான் உடம்போட போகவேணும். டைனமோ ஒரு திசை, பற்றறி ஒரு திசை எண்டு ஆகி, கொன்ற்றோல் பொக்ஸுக்குள்ள பொயின்ற் ஒட்டிப் பிடிச்சு, வயர் கருகுற மணம் வந்துது. சாவி எடுத்துப் பற்றறியைக் கழட்டுறதுக்குள்ள எனக்குக் கை நடுங்கீட்டுது.

கொன்ற்றோல் பொக்ஸ் தேடிக் கொழும்பு போனன். பஞ்சிகாவத்தையில ஒரு சின்னக் கடையில, அலுமாரிக்கு மேல, பழைய பேப்பரில சுத்தினபடி ஒண்டு இருந்துது. கடைக்காரர் தூசு தட்டிப்போட்டு, "இதைக் கேட்டு ஆளும் வருமெண்டு நான் நினைக்கேல்லை" எண்டார். மைனர்ச் சாமான் கேட்டு எங்கட நாட்டுக்கு வெள்ளைக்காரனே வந்த காலமும் இருந்தது தெரியுமோ? இங்கிலாந்தில பாத் எண்ட ஊரில மொறிஸ் மைனர்களைத் திருத்திற சார்ல்ஸ் வெயர் எண்டவர், காலிப் பக்கத்தில தகடும் உதிரிப்பாகமும் செய்விச்சு அங்க எடுப்பிச்சவர். இங்க கை வேலையாத் தட்டின மட்காட் இங்கிலாந்து றோட்டில ஓடியிருக்கு. நாங்கள் என்னண்டா மைனருக்குள்ள போகன்விலா நடப் பாக்கிறம்.

இனி எனக்கு ஆகப் பிடிச்ச இடம்.

எல்லாம் பூட்டியாச்சு. ராங்கில ரெண்டு லீற்றர் பெற்றோல். காலமை அஞ்சரை மணி. சாவியைத் திருப்பினன்.

டிக். டிக். டிக். டிக்.

அது எஸ்யூ பம்பின்ர சத்தம். மின்சாரப் பம்ப். பொனெற்றுக்குள்ள, கபின் சுவரோட இருக்கும். சாவி போட்ட உடன பெற்றோலை இழுத்துக் காபரேற்றர்க் கிண்ணத்துக்க விடும். முதல்ல வேகமா அடிக்கும், கிண்ணம் நிரம்ப நிரம்ப மெதுவாகும், நிரம்பினதும் நிண்டுபோம். நிக்காமல் அடிச்சுக்கொண்டே இருந்தா எங்கயோ காத்து இழுக்குது, இல்லாட்டி ராங்க் வெறுமை எண்டு அர்த்தம்.

நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன். அடுப்படியில இருந்து பெரியம்மா குரல் வருது.

"பொறடா, இன்னும் நிக்கேல்லை."

டிக். ... டிக். ... ... டிக்.

"இப்ப ஸ்ராட் பண்ணு."

வெளிய வந்தா. கையில தேத்தண்ணி. பம்ப் எண்ட பேர்கூட அவவுக்குத் தெரியாது. அந்தச் சத்தம் நிக்கிறதுக்குள்ள பெரியப்பா தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, கோப்பையை மட்காட்டில வைச்சிட்டுப் போவாராம். அவ அந்தச் சத்தத்துக்கு ஏத்தமாதிரித் தேத்தண்ணி போட்டே பழகினவ. இருபது வருசத்துக்குப் பிறகும் கணக்குத் தவறேல்லை.

மூண்டாவது சுத்தில பிடிச்சுது. புகை கொட்டில் முழுக்க. எலிக்கூட்டு மிச்சம் எல்லாம் புகைக்குழாயால பறந்துது. நான் கத்தின கத்தில ஒழுங்கையில போன சனம் எல்லாம் உள்ளுக்கு வந்திட்டினம்.

அந்தச் சந்தோசத்தில கியரைப் போட்டு (முதலாம் கியருக்கு சிங்க்ரோ இல்லை, வண்டி நிண்ட நிலையிலதான் விழும்) படலையைப் பாத்து விட்டன். ஐயா ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு குறுக்க வந்து நிண்டிட்டார்.

"இறங்கு தம்பி. ஓடுற வாகனத்தை ஆரும் செய்து போடுவான். நிக்கிற வாகனமெண்டாத்தான் றோட்டுக்குப் போகலாம்."

பிறேக்கே இல்லை. மாஸ்ரர் சிலிண்டர் றைவரின்ர காலடியில, தட்டுக்குக் கீழ, சேசிஸோட ஒளிச்சுக் கிடக்கும். கழட்டவே ஒரு நாள். உள்ளுக்கு ரப்பர் எல்லாம் வெல்லப்பாகு மாதிரி. லண்டனில இருந்து திருவிழாவுக்கு வந்த மச்சாள் சூட்கேசுக்க வைச்சு நாலு சில்லுக்கும் ரப்பர் கொண்டுவந்து தந்தா.

பிறேக் முடிஞ்சுது, இனிப் போகலாம் எண்டு பாத்தா, ஐயா அலவாங்கை எடுத்து முன்சில்லுக்குக் கீழ குடுத்து ஒரு நெம்பு. சில்லு ஆடிச்சுது. "கண்டியோ? இதுதான் மைனரைக் கொல்லுறது."

முன்சில்லைத் தாங்குற காலுக்கு மேலையும் கீழையும் புரியோட ஒரு மூட்டு இருக்கு. திரும்பேக்க அந்தப் புரியிலதான் சுத்தும். கிறீஸ் அடிக்காட்டி புரி தேய்ஞ்சு, ஒருநாள் திரும்பேக்க மூட்டு கழண்டு, சில்லு உள்ளுக்கு மடிஞ்சு, வண்டி மூக்கால விழும். எங்கட வண்டியில இடப்பக்கம் கீழ் மூட்டில மூண்டு நாலு புரிதான் மிச்சம். அண்டைக்கு ஐயா குறுக்க நிக்காட்டி நான் சந்தியில திரும்பியிருப்பன். அதுக்கு மேல யோசிக்க எனக்கு விருப்பமில்லை. இப்ப மாசத்தில முதல் ஞாயிறு கிறீஸ் துப்பாக்கியோட வண்டிக்குக் கீழதான் கிடப்பன்.

கடுதாசி வேலைக்கு எட்டு மாசம் போச்சு. வண்டிப் புத்தகம் பெரியப்பான்ர பேரில. எத்தனை தரம் போனன் எண்டு எண்ணேல்லை. முடிஞ்சுது, விடுங்கோ.

பெயின்ற் அடிக்கேல்லை. கனபேர் கேக்கினம். றைவர் பக்கக் கதவில, பெரியப்பா முழங்கையை வைச்சு வைச்சு நீலம் தேய்ஞ்சு தகடு தெரியுற ஒரு இடம் இருக்கு. அதை மூடி அடிக்க எனக்கு மனம் வரேல்லை. கறள் பிடிக்காமல் மெழுகு மட்டும் பூசிவிடுறன்.

ஏன் இவ்வளவு பாடு எண்டு கேப்பியள். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப்பிறகு பாவிச்ச பட்டா (சின்ன லொறி) வாகனமே கை வைக்கேலாத விலையாயிருந்துது. குலையை வாடகை வாகனத்தில அனுப்பி, வாடகை குடுத்து, மிச்சத்தை எண்ணிக்கொண்டு இருந்தம். கொட்டிலுக்க ஒரு வாகனம் கிடந்து இத்துது. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை மேல சொல்லிட்டன்.

நேற்றுத்தான் முதல் சுமை. பதினாறு குலை. கதலியும் இதரையும். வாழைச்சருகு விரிச்சு அடுக்கினது பெரியம்மா. நாலரைக்கு வெளிக்கிட்டன். பாரம் ஏறினதும் பின் வில்லு நல்லா இருந்து குடுத்து, வண்டி முன்னையைவிட அமைதியா ஓடிச்சுது. வெறுமையா ஓட்டேக்கதான் அது துள்ளுறது. கோண்டாவிலுக்குக் கிட்ட ஒரு வேகத்தடையில பிறேக்கை மிதிச்சன். நேராப் போய் நிண்டுது.

சந்தையில இறக்கேக்க, ஒரு வயசுபோன வியாபாரி வந்து மட்காட்டில கை வைச்சார். "இது நீர்வேலி வண்டியெல்லே? அவர் இருக்கிறாரே?" எண்டு கேட்டார். பெரியப்பா போய்ப் பதினெட்டு வருசம் எண்டன். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நிண்டார். பிறகு, "என்ன விலை சொல்லுறாய் கதலிக்கு?" எண்டு தொடங்கீட்டார். நல்லா விலை பேசினார் மனுசன். கடைசியில அஞ்சு குலை எடுத்தார்.

மாரி வர முதல் பின்பெட்டிக்குப் படங்கு தைக்கவேணும். கம்பி வளையம் நாலும் கொட்டில் கூரையில சொருகிக் கிடக்கு. சுன்னாகத்தில ஒரு தையல்காரர் இருக்கிறாராம், வெள்ளிக்கிழமை போய்ப் பாக்கப்போறன்.

இப்ப படுக்கவேணும். காலமை நாலு மணிக்குப் பதினெட்டுக் குலை ஏத்தக் கிடக்கு.